லாட்வியாவுக்குப் போன ப்ளீஸ்

லாட்விய மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் மொத்தம் நான்கு. அந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஜெர்மனியில் லாட்விய மொழிக்குப் பொறுப்பாளனாக வேலை பார்த்திருக்கிறேன். நம்பாதவர்களுக்குக் காட்ட, அந்தப் பதவியை அச்சடித்த விசிட்டிங் கார்டு இன்னும் அரை டப்பா இருக்கிறது. மீதி அரை டப்பாவின் பின்பக்கத்தில் என் மகள் பூனை வரைந்து தீர்த்துவிட்டாள். அந்தக் கார்டுகளுக்குக் கிடைத்த உருப்படியான பயன் அதுதான்.

லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த புதிது. அங்கே தலைநகரான ரீகாவில் பெரிய பெரிய கடை வளாகங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. கடை வந்தால் கார் வரும், கார் வந்தால் நிறுத்த இடம் வேண்டும், நிறுத்தியவனிடம் வசூலிக்க இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தது கார்ல்ஸ்ரூஹே நகரத்தின் ஓரத்தில், டிராம் போய் முடிகிற இடத்தில் இருந்த எங்கள் கம்பெனி. இயந்திரத்தின் திரையில் வரும் வாசகங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பிரிவு. சீட்டைச் செருகவும், காத்திருக்கவும், சில்லறையை எடுத்துக்கொள்ளவும். இதைத் தாண்டி அந்த இயந்திரத்துக்கு உலகத்தோடு பேச விஷயம் கிடையாது. இதற்காக நாங்கள் ஏழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் பிரிவின் தலைவர் நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்களால் வரும் கஷ்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, லாட்விய மொழியை யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் குனிந்து நோட்டில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

“இந்தியாவில் எத்தனை மொழிகள்?”

“நிறைய.”

“நீங்கள் எத்தனை பேசுவீர்கள்?”

தமிழ், ஆங்கிலம், ரயிலில் சண்டை போடும் அளவுக்கு இந்தி, அவர் முன்னால் உளறிக்கொண்டிருந்த ஜெர்மன். நாலு என்றேன். அவருக்கு மிகவும் திருப்தி. நாலு மொழி பேசுகிறவனுக்கு ஐந்தாவது ஒரு பொருட்டா? நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விசாவில் இருக்கிறவன் கூட்டத்தில் முடியாது என்று சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் சுவரில் மாட்டியிருந்த ஐரோப்பிய வரைபடத்தில் லாட்வியாவைத் தேடினேன். முதலில் லித்துவேனியாவில் விரலை வைத்துவிட்டேன். மனைவி, “அது பக்கத்து வீடு” என்றாள்.

பொறுப்பாளருக்கு மொழி தெரிய வேண்டிய அவசியமில்லை, தெரிந்த ஒருவரை மேய்த்தால் போதும் என்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். அப்படி நான் மேய்க்க வந்து சேர்ந்தவர் ஒரு லாட்வியப் பெண்மணி. ஐம்பதை ஒட்டிய வயது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். சொந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் கற்றுக்கொடுத்தவர். ஜெர்மனிக்கு வந்த பிறகு, ஜெர்மன் கற்றுக்கொடுத்தவருக்கு ஜெர்மனியில் என்ன வேலை இருக்கும்? எட்டு வருஷம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்திருக்கிறார். எங்கள் கம்பெனியில் அவருக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலை. முதல் நாளே அவர் என்னிடம் நேராகச் சொன்னார்.

“இந்த நாட்டில் என் மொழி ஒருவருக்குத் தேவைப்படுவது இதுதான் முதல் தடவை. இந்த வேலையை நான் இழக்க விரும்பவில்லை.”

அதற்கு நான், நாம் எல்லோரும் ஒரே குழு என்று பதில் சொன்னேன். பயிற்சி வகுப்பில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவர் வேலை செய்யும் விதமே எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஆட்கள் பட்டியலைத் திறந்து, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தங்கள் மொழி என்று மளமளவென்று நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவரோ முதல் வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊருக்குள் இருந்த ஒரு கார் நிறுத்தகத்துக்குப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மதியம் முழுக்க நோட்டும் கையுமாக நின்றிருக்கிறார். காவலாளி வந்து விசாரித்திருக்கிறான். மக்கள் அந்தத் திரையைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாராம். வந்து என்னிடம் கேள்வி மேல் கேள்வி. இந்த இயந்திரம் வேலைக்காரனா, அதிகாரியா? சீட்டைத் தொலைத்தவனிடம் அதற்குக் கோபம் உண்டா? காசு கட்டாமல் போக முடியுமா, முடியாதா?

“முடியாது. தடுப்புக் கம்பம் தூக்காது.”

“அப்படியானால் அது கேட்கவில்லை, வசூலிக்கிறது” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

விஷயம் எல்லாம் ஒரு சொல்லில் போய் நின்றது. ப்ளீஸ். எங்கள் ஆங்கிலப் பட்டியலில் அது முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருந்தது. எழுதியவர்கள் ஜெர்மன் என்ஜினியர்கள். ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்தின் தலையிலும் ப்ளீஸ் வைத்தால் மரியாதை வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ப்ளீஸ் செருகவும். ப்ளீஸ் எடுக்கவும். ப்ளீஸ் இந்த இயந்திரம் பழுது. கடைசி வாசகத்தில் யார் யாரைக் கெஞ்சுகிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

லாட்விய மொழியில் அதற்கு லூட்ஸு என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நான்கில் அதுதான் முதலாவது. அந்த அம்மா முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினோரு இடத்தில் மட்டும் லூட்ஸு போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார். கூடவே நாலு பக்கத்துக்கு ஜெர்மனில் ஒரு குறிப்பு. ஆங்கிலக்காரன் ப்ளீஸை எங்கெங்கே எதற்கெல்லாம் பயன்படுத்துகிறான், அங்கெல்லாம் லாட்வியாவில் ஒரு மனிதன் என்ன சொல்வான், எங்கே வாயை மூடிக்கொள்வான் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார். கடைக்காரனிடம் ரொட்டி கேட்பது, குழந்தையை அதட்டுவது, வந்தவரை உட்காரச் சொல்வது, அலுத்துப்போய்ச் சலித்துக்கொள்வது, தட்டை நீட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தி. அந்த மாதிரி ஒரு குறிப்பை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதியதில்லை. நான் அதை என்ன செய்தேன் தெரியுமா? ‘இதர’ என்று பெயரிட்ட கோப்புறையில் போட்டேன். படிக்கவில்லை. எனக்கு அப்போது அதைவிட முக்கியமான வேலை இருந்தது. மொழி தெரியாமலே மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் ஒரு புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது எண்ணும். ஆங்கிலத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது, மறுபக்கம் அதற்கு இணையான சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, கணக்கு ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு மொழியில் அட்சரம் தெரியாதவன் அந்த மொழியில் எழுதுகிறவளுக்கு மார்க் போடலாம் என்றால் எந்த மேலாளருக்குத்தான் பிடிக்காது? போலிஷ், செக், ஸ்லோவேனியன் என்று எல்லாப் பட்டியலையும் அதில் ஓட்டினோம். எல்லாரும் இருந்த இடத்திலெல்லாம் ப்ளீஸை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். ஒரே பச்சை. வயலும் தோட்டமும் மாதிரி இருந்தது.

லாட்விய மொழியை ஓட்டினேன். முந்நூற்றியொரு சிவப்பு வரி.

தலைவர் அதைக் கலரில் அச்சடித்து, சோதனைக் காலத்தில் இருப்பவர்களை அழைக்காத திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பதினான்கு பக்கம். மேசையில் விரித்தபோது கசாப்புக் கடை மாதிரி இருந்தது. “இவ்வளவு விடுபட்டிருக்கிறதே” என்றார் வருத்தமாக. “வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும். இல்லையென்றால் அந்த லாட்வியப் பெண்மணியின் சோதனைக் காலத்தைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருக்கும். உங்கள் புரோகிராம் இல்லாவிட்டால் இது நம் கண்ணுக்கே பட்டிருக்காது.”

கடைசி வாக்கியம் எனக்கான பாராட்டு. அறையில் இருந்தவர்கள் மேசையை விரல் மடக்கித் தட்டினார்கள். இங்கே கைதட்டுவதற்குப் பதில் அப்படித்தான் செய்வார்கள். நான் அந்த நேரத்தில் வாயைத் திறந்து, ஐயா, இது விடுபட்டது இல்லை, அவர் தெரிந்தே எடுத்திருக்கிறார், நாலு பக்கம் காரணமும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டல் ஓசை கேட்க நன்றாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நேரம். அந்த நாளை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. விசாவை நீட்டிக்க, இவன் எங்களுக்கு இன்றியமையாதவன் என்று கம்பெனி எழுதித்தரும் கடிதம் வேண்டும். கடிதம் தட்டச்சாகித் தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் இன்றியமையாதவன் என்பதற்கு அப்போதைக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் புரோகிராம்.

மதியம் கேன்டீனுக்குப் போனேன். அங்கே கரண்டி பிடித்து நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருஷமாக ஜெர்மன்காரர்களுக்கு உருளைக்கிழங்கு போடுகிறவர். வியாழக்கிழமைகளில் ‘இந்தியக் கறி’ என்று அன்னாசித் துண்டும் உலர்ந்த திராட்சையும் மிதக்கும் மஞ்சள் வஸ்து ஒன்றைப் பரிமாற வேண்டிய கட்டாயம் அவருக்கு. அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் போடுவார். நான் அவரை அண்ணே என்பேன். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து என் கதையைச் சொன்னேன்.

சிரித்துவிட்டார். “தம்பி, எங்கட ஆக்கள் ஆரும் தயவுசெய்து சோறு போடுங்கோ எண்டு கேட்டுக் கண்டிருக்கிறியளோ? கொஞ்சம் சோறு போடுங்கோ, அவ்வளவுதான். தயவெல்லாம் அதுக்குள்ளயே கிடக்கு.”

“அதைத்தாண்ணே அந்தம்மாவும் சொல்றாங்க.”

“அப்ப அந்த மனிசி செய்தது சரி. உங்கட பெரியவரிட்டப் போய்ச் சொல்லுங்கோவன்.”

“என் விசா லெட்டர் அவர் டேபிள்ல கெடக்குண்ணே. இன்னும் கையெழுத்துப் போடல.”

கரண்டி அப்படியே நின்றது. அவருடைய சொந்த அன்ட்ராக் ஒன்று, அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பம், பல வருஷம் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது என்று முன்பு சொல்லியிருக்கிறார். “ஓம், அப்ப ஏலாதுதான்” என்றார். பிறகு, நான் தட்டை எடுத்துக்கொண்டு நகரும்போது, “ஆனா அந்த மனிசியின்ர காகிதமும் ஒரு மேசையில கிடக்குமெல்லே தம்பி” என்றார். எனக்குக் கேட்காத மாதிரி நடந்துவிட்டேன். இந்தக் கலையில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வாசகங்களைப் பற்றி நானும் யோசிக்காமல் இல்லை. தமிழில் தயவுசெய்து என்ற சொல் எங்கே குடியிருக்கிறது? போர்டில். தயவுசெய்து வரிசையில் நிற்கவும், தயவுசெய்து எச்சில் துப்பாதீர்கள், தயவுசெய்து செருப்பை வெளியே விடவும். வீட்டுக்குள் ஒருவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பார்கள். என் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மனைவியிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் என்னிடம் ப்ளீஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள், பேசாமல் இருக்கச் சொல்லும்போது. ஆக, அந்த அம்மாவின் நியாயம் எனக்குப் புரியாமல் போய்விட்டது என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை. அந்தப் பிரிவில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே பிறவி நான்தான்.

புதன்கிழமை அவரை அழைத்தேன். அவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். முந்நூற்றியொரு இடத்திலும் லூட்ஸுவைத் திரும்பப் போட்டுவிடுங்கள் என்றேன். தவறு என்றார். தெரியும் என்றேன். திரையில் ஒரு வரிக்கு இருபது எழுத்துதான் கொள்ளும், இந்தச் சொல் சேர்ந்து வரி நீண்டால் பின்னால் வருவதை இயந்திரம் மொத்தமாக வெட்டிவிடும், அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேனே என்றார். படித்தேன் என்றேன். படிக்காததைப் படித்தேன் என்று சொல்வது எங்கள் தொழிலில் பொய்யாகாது.

பிறகு கேட்டார்.

“இது அறிவுறுத்தலா, வேண்டுகோளா?”

“என்ன வித்தியாசம்?”

“அறிவுறுத்தல் என்றால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கோப்பில் சேர்த்துக்கொண்டு செய்துவிடுகிறேன்.”

எழுதி அனுப்பினால் அது இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் என் பெயரோடு எழுந்து நிற்கும். ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்ததில் காகிதத்தின் மகிமையை நன்றாகவே கற்றிருந்தேன்.

“வேண்டுகோள்தான்” என்றேன்.

அதோடு விட்டேனா? என் டெர்மினைச் சொன்னேன். கையெழுத்தாகாத கடிதத்தைச் சொன்னேன். மகள் கிண்டர்கார்டனில் இப்போதுதான் அழாமல் இருக்கிறாள் என்பதைச் சொன்னேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பிட்டே, பிட்டே என்றேன். அது ஜெர்மன் ப்ளீஸ். அன்றைக்கு நான் பேசியதை என் புரோகிராமில் ஓட்டியிருந்தால் சிவப்பு மருந்துக்கும் வந்திருக்காது.

“சரி” என்றார் கடைசியில். “இதுதான் அந்தச் சொல்லின் சரியான இடம். குறிப்பில் முதல் பத்தி.”

“ஆமாம், ஆமாம்” என்றேன்.

வியாழக்கிழமை மாலையே பட்டியல் வந்துவிட்டது. ஓட்டினேன். முழுப் பச்சை. வெள்ளிக்கிழமை தலைவர் இரண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்று லாட்வியப் பட்டியலை வெளியிடச் சொல்லும் தாளில், இன்னொன்று என் கடிதத்தில். ஒரே பேனா. செவ்வாய்க்கிழமை என் விசா நீண்டது. சாயங்காலம் வீட்டில் கேசரி.

இரண்டு மாதம் கழித்து ரீகாவிலிருந்து கடிதம் வந்தது. அங்கே கடை வளாகத்தை நடத்துகிறவர்கள் ஜெர்மனில் எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம். எங்கள் இயந்திரம் எடுத்ததற்கெல்லாம் மன்றாடுகிறதாம். அதைவிட, பல இடங்களில் பின்னால் வரும் சொற்கள் வெட்டுப்பட்டுப் போனதால், திரையில் லூட்ஸு என்று மட்டும் வந்து நிற்கிறதாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில், இருட்டில், ஒரு இரும்புப் பெட்டி தயவு தயவு என்று முனகிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் சிரிக்கிறார்கள். யாரோ சில பேர் இயந்திரத்தின் தலையில் சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்களாம், போட்டோவும் இணைத்திருந்தார்கள். போட்டோவில் மூன்று நாணயமும் பாதி தின்ற பிஸ்கட் ஒன்றும் இருந்தன. என் வாழ்நாளில் நான் உருவாக்கிய எதற்கும் ஒருவர் மனமிரங்கிப் பிச்சை போட்டது அதுதான்.

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த அந்த அம்மாவை எனக்கும் கேட்கும்படி போனில் அழைத்தார். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“எல்லா இடத்திலும் இந்தச் சொல்லை ஏன் போட்டீர்கள்?”

போனில் ஒரு குக்கர் மூடியோ எதுவோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

“என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.”

“யார்? எழுத்தில் அறிவுறுத்தல் இருக்கிறதா?”

“இல்லை. அது அறிவுறுத்தல் இல்லை.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். நல்ல பீச் மரப் பலகை. ஒரு காபிக் கறை இருந்தது. அந்தக் கறையின் ஓரம் எங்கே வளைந்தது, எங்கே விட்டுப்போயிருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். நான்தான் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். விசா கையில் வந்துவிட்டது, அடுத்த இரண்டு வருஷத்துக்கு யாரும் என்னை எங்கேயும் அனுப்ப முடியாது. ஆக, பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. வெட்கம். புரோகிராம் எழுதிய மேதாவி, படிக்காத குறிப்பு, பிட்டே பிட்டே என்று ஒரு பெண்மணியிடம் கெஞ்சியது எல்லாம் அந்த அறையில் வெளியே வரும். அந்த வெட்கத்துக்காக ஒருவருடைய வேலையைப் பலி கொடுத்தேன். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் அவகாசமும் கொடுத்துத்தான் பார்த்தேன். மேசையைப் பார்த்தபடியே. ஒன்பது நாள் கழித்து அவருடைய கதவுக் கார்டு வேலை செய்யவில்லை.

அவர் போன பிறகு, ரீகாவுக்குத் திருத்தி அனுப்ப ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. அவர் முதலில் கொடுத்ததையே எடுத்து அனுப்பினேன். பதினோரு லூட்ஸு. ரீகாவில் எல்லோருக்கும் சந்தோஷம். தலைவர் எனக்கு மின்னஞ்சலில் பாராட்டு எழுதினார். அப்போதுதான் ‘இதர’ கோப்புறையைத் திறந்து அந்த நாலு பக்கத்தைப் படித்தேன். முதல் பத்தி இப்படி இருந்தது: ‘மறுக்கக்கூடிய ஒருவரிடம், அவர் மறுக்கலாம் என்று தெரிந்தே, நமக்கு உண்மையில் தேவையான ஒன்றைக் கேட்பது. லூட்ஸு இதற்கான சொல். மற்ற இடங்களில் இதைச் செலவழித்தால், வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது.’

மூன்றோ நாலோ மாதம் போயிருக்கும். ஒருநாள் மதியம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போனால், உருளைக்கிழங்குப் பாத்திரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனுமாக அந்த அம்மா நிற்கிறார். தட்டை வைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் திரும்பி நடந்தேன். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து தயிர்சாதம். மனைவி ஆச்சரியப்பட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றேன். இரண்டு வாரம் என் மேசையிலேயே, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி தயிர்சாதம் தின்றேன்.

ஒரு சாயங்காலம் டிராம் நிறுத்தத்தில் அண்ணன் பிடித்துவிட்டார். ஊன்ட்றொப்பில் ஈழத்தமிழர்கள் கட்டிய அம்மன் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போய்வந்திருந்தார். நெற்றியில் இன்னும் திருநீறு.

“என்ன தம்பி, என்ர சாப்பாட்டில கோவமோ?”

“இல்லண்ணே, வயிறு கொஞ்சம் சரியில்ல.”

“வயிறோ?” என்று என்னைப் பார்த்தார். “அந்த மனிசிய நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டனான். திரும்பவும் ஹோட்டலுக்குத் துணி மடிக்கப் போறன் எண்டு நிண்டவ. இஞ்ச எண்டால் குளிராது, மூண்டு மணிக்கு வீட்ட போகலாம். நல்ல மனிசி. உங்களப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. நான் கேட்டும் சொல்லேல்ல.”

“தெரியும்ணே.”

“நேற்றுக் கேட்டவ, உங்கட ஆள் ஏன் சாப்பிட வாறேல்ல எண்டு. நான் என்னத்தச் சொல்ல?”

டிராம் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் அடுத்த டிராமுக்கு நின்றேன், இரண்டும் ஒரே பக்கம் போகிறவைதான்.

மறுநாள் போனேன். போவதற்கு முன் குறிப்பின் முதல் பத்தியை மறுபடி படித்தேன். உச்சரிப்பையும் சரிபார்த்துக்கொண்டேன். எங்கள் கேன்டீனில் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காசு போட்டுச் சாப்பாட்டுச் சீட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். அந்த இயந்திரமும் ப்ளீஸ் சொல்லும். சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர், இரண்டு பேர், ஒருவர். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தபடி காத்திருந்தார்.

“உருளைக்கிழங்கு” என்றேன் ஜெர்மனில். பிறகு, மனதுக்குள் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்திருந்ததை அவர் மொழியில் சொன்னேன். “லூட்ஸு.”

அது உருளைக்கிழங்குக்காகச் சொன்னது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் உச்சரிப்பு நன்றாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

“காசு கட்டிவிட்டீர்கள்தானே” என்றார். “உருளைக்கிழங்கு என்றால் போதும். அந்தச் சொல் இங்கே வேண்டாம்.”

பட்டியலில் வேண்டாத சொல்லை அடிப்பது போலவேதான், கோபமில்லாமல், குரல் உயர்த்தாமல் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் மறுபடி, உருளைக்கிழங்கு என்று மட்டும் சொன்னேன். எல்லோருக்கும் போடுகிற அளவு இரண்டு கரண்டி போட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்தவரைப் பார்த்தார்.